நடுவில் கால் வைக்க முடியாத வட்டம்

அன்னூரிலிருந்து புளியம்பட்டிப் பக்கம் போகும்போது சாலையின் இருபுறமும் தோட்டத்துக் கிணறுகள் தென்படும். கவலை இறைத்த காலத்துக் கிணறுகளில் சதுரமும் நீள்சதுரமும் நிறைய. மாடு கட்டி இறைக்க நேரான பக்கம் ஒன்று வேண்டியிருந்தது. மேல்மண் இளக்கமான இடங்களில் வட்டமாக வெட்டி, சுற்றிலும் கல்கட்டுக் கட்டியிருப்பார்கள். எல்லாப் பக்கமிருந்தும் மண் நெருக்கும்போது வட்டச் சுவரின் கற்கள் ஒன்றையொன்று இறுக்கிக்கொண்டு நிற்கும். மண் தள்ளிச் சாய்க்க அங்கே நேரான பக்கம் எதுவும் இல்லை.

அப்படியொரு வட்டக் கிணற்றுக்கு இரும்புக் கம்பியில் மூடி போட வேண்டும். ஆடு விழுகிறது, மயில் விழுகிறது, குழந்தைகள் ஓடியாடும் தோட்டம் என்றால் வீட்டாருக்குத் தூக்கமே வராது. வெல்டிங் பட்டறைக்குப் போனால் முதல் கேள்வியே இதுதான்: “கிணறு குறுக்கே எத்தனை அடிங்க?”

சுலபமான வழி ஒன்று உண்டு. ஒருவர் டேப்பின் ஒரு முனையைக் கிணற்று விளிம்பில் பிடித்துக்கொள்ள, மற்றவர் எதிர்ப்புறம் இங்குமங்கும் நகர்ந்து, டேப் எங்கே அதிகபட்சம் காட்டுகிறதோ அந்த அளவைக் குறித்துக்கொள்வது. நல்ல வழிதான். இருபது அடிக் கிணற்றில் எதிர்முனை ஓர் அடி தள்ளிப் போனாலும் அளவு மூன்றில் ஒரு பங்கு இஞ்ச்கூடக் குறையாது. ஆனால் எதிர்ப்புறம் சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தால்? பாதிச் சுவர் சரிந்திருந்தால்? குறுக்கே மோட்டார் குழாய்களும் உத்தரமும் நின்றால்? அளக்க ஆள் ஒருவர்தான் என்றால்?

விளிம்பில் ஒரு துண்டு மட்டுமே கைக்கு எட்டுகிறது. நடுப்புள்ளியோ அந்தரத்தில், தண்ணீருக்கு மேலே. முழு வட்டத்தின் அளவையும் அந்தத் துண்டை வைத்தே சொல்ல முடியுமா?

ஒரே ஒரு கட்டளை

ஒரு முளையை அடித்து, அதில் கயிற்றைக் கட்டி, மறுமுனையில் ஆணியைக் கட்டிக் கயிறு தொய்யாமல் ஒரு சுற்றுச் சுற்றிவந்தால் தரையில் வட்டம் விழும். பள்ளிக்கூடத்துக் கவராயம் இதே முளையும் கயிறும்தான், கைக்கு அடக்கமாகச் செய்யப்பட்டிருக்கிறது. முளை நின்ற இடம் மையம். கயிற்றின் நீளம் ஆரம். மையத்தின் வழியாக ஒரு விளிம்பிலிருந்து மறுவிளிம்பு வரை போகும் கோடு விட்டம். அது ஆரத்தைப் போல் இரண்டு பங்கு. விளிம்பைச் சுற்றிவரும் நீளம் சுற்றளவு.

வட்டத்துக்கு உள்ள கட்டளை ஒன்றே ஒன்று: விளிம்பின் ஒவ்வொரு புள்ளியும் மையத்திலிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். இந்த ஒரு கட்டளை எவ்வளவு கண்டிப்பானது என்பதைச் சதுரத்தோடு ஒப்பிட்டால் புரியும். சதுரக் கிணற்றின் பக்கச்சுவரில் ஓர் அடித் துண்டை மட்டும் காட்டி, கிணறு எவ்வளவு பெரிது என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. பத்தடிக் கிணற்றின் சுவரும் நேர்கோடு, ஐம்பதடிக் கிணற்றின் சுவரும் நேர்கோடு. வட்டத்தில் அப்படியில்லை. சின்ன வட்டத்தின் விளிம்பு சீக்கிரம் வளையும். பெரிய வட்டத்தின் விளிம்பு மெதுவாக வளையும். எந்தத் துண்டை எடுத்தாலும், அது எவ்வளவு வளைந்திருக்கிறது என்பதிலேயே முழு வட்டத்தின் அளவும் அடங்கியிருக்கிறது. அந்த வளைவை அளக்கத் தெரிந்தால் போதும்.

மூன்று கல் போதும்

முதலில் தாளில் செய்து பார்ப்போம். டம்ளரைக் கவிழ்த்து வைத்துப் பென்சிலால் அதன் விளிம்பைச் சுற்றி ஒரு வில் மட்டும் வரையுங்கள். வில் என்பது விளிம்பின் ஒரு துண்டு. முழு வட்டமும் வேண்டாம், மூன்றில் ஒரு பங்கு இருந்தால் போதும். டம்ளரை எடுத்துவிடுங்கள். இப்போது மையம் எங்கே?

வில்லின் மேல் ஒன்றுக்கொன்று தள்ளி மூன்று புள்ளிகள் வையுங்கள். முதல் புள்ளியில் கவராயத்தின் ஊசியை ஊன்றி, அடுத்த புள்ளி வரையுள்ள தூரத்தில் பாதிக்கு மேல் விரித்து, மேலும் கீழும் இரண்டு சின்ன வில் போடுங்கள். விரிப்பை மாற்றாமல் இரண்டாம் புள்ளியில் ஊன்றி அதேபோல் இரண்டு வில். அவை வெட்டிக்கொள்ளும் இரண்டு இடங்களையும் ஒரு கோட்டால் சேருங்கள். பாடப்புத்தகம் இதை மையக்குத்துக்கோடு என்கிறது. இந்தக் கோட்டில் எங்கே நின்றாலும் முதல் புள்ளியும் இரண்டாம் புள்ளியும் ஒரே தூரம். இரண்டாம் புள்ளிக்கும் மூன்றாம் புள்ளிக்கும் இதையே செய்யுங்கள். இரண்டு கோடுகளும் சந்திக்கும் இடத்திலிருந்து மூன்று புள்ளிகளும் ஒரே தூரம். மையம் அதுதான். அப்படிப்பட்ட இடம் வேறு ஒன்று இருக்க முடியாது, ஏனென்றால் இரண்டு நேர்கோடுகள் ஓர் இடத்தில்தான் வெட்டும்.

ஆக, நேர்வரிசையில் இல்லாத எந்த மூன்று புள்ளிகளை எடுத்தாலும் அவற்றின் வழியே ஒரே ஒரு வட்டம்தான் போகும். இரண்டு புள்ளி போதாது. அவற்றின் வழியே எண்ணற்ற வட்டங்கள் போகும். நான்காவது புள்ளி தேவையில்லை.

கொங்கு நாட்டில் இதைத் தரையிலேயே பார்க்க ஓர் இடம் உண்டு. சென்னிமலைக்குப் பக்கத்தில் நொய்யல் கரையில் இருக்கும் கொடுமணலில், ஈமக் குழிகளைச் சுற்றிப் பெரிய கற்களை வட்டமாக நட்டிருக்கிறார்கள். கல்வட்டம் என்று தொல்லியலார் சொல்லும் அமைப்பு அது. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் அங்கே 1985-இல் அகழாய்வைத் தொடங்கியது. நூற்றாண்டுகளில் பல கல் பெயர்ந்துபோன வட்டமாக இருந்தாலும், இடம் பெயராத மூன்று கல் நின்றால் பழைய வட்டத்தை மீட்டு வரையலாம். கல்லைச் சரியாக வட்டத்தில் நட்டிருந்தால் என்பதை மட்டும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பானை ஓட்டிலும் இதே கதைதான். வாய்விளிம்பில் ஒரு சில்லு கிடைத்தால், ஒரே மையத்தில் பல வட்டங்கள் வரைந்த தாளின் மேல் அதை வைத்துப் பார்ப்பார்கள். எந்த வட்டத்தோடு சில்லின் வளைவு இழைந்து போகிறதோ அதுவே உடையாத பானையின் வாய் அகலம்.

வில், நாண், அம்பு

தாளில் கவராயம் ஓடும். கிணற்றுக்கு மேலே ஓடாது. அங்கே மையம் எங்கே என்று தேடாமல், விட்டம் எவ்வளவு என்று மட்டும் கேட்டால் இன்னும் குறுக்கான வழி இருக்கிறது.

12 அடி நீளமுள்ள நேரான இரும்புக் குழாய் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கைப்பிடிச் சுவரின் மேல், அதன் இரண்டு முனைகளும் சுவரின் உள்விளிம்பைச் சரியாகத் தொடும்படி வையுங்கள். குழாய் இப்போது கிணற்றின் ஓர் ஓரத்தை மட்டும் வெட்டிக்கொண்டு கிடக்கும். விளிம்பின் இரண்டு புள்ளிகளைச் சேர்க்கும் இப்படிப்பட்ட கோட்டுக்கு நாண் என்று பெயர். குழாயின் நடுவை, அதாவது ஆறாவது அடியை, சுண்ணாம்பால் குறியுங்கள். அந்தக் குறியிலிருந்து, குழாய்க்குச் செங்குத்தாக, உங்கள் பக்கத்துச் சுவரின் உள்விளிம்பு வரை டேப்பைப் பிடியுங்கள். நாணின் நடுவிலிருந்து வில்லின் நடுவுக்குப் போகும் இந்தச் சிறு நீளத்தை அம்பு என்று வைத்துக்கொள்வோம். 2 அடி வருகிறது. கையெட்டும் தூரம்; கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கக்கூட வேண்டாம்.

அளவு முடிந்துவிட்டது. கையில் இருப்பவை இரண்டு எண்கள்: பாதி நாண் 6 அடி, அம்பு 2 அடி. இரண்டு எத்தனை மடங்கானால் ஆறு? மூன்று மடங்கு. ஆறை இன்னொரு முறை மூன்று மடங்காக்கினால் 18. நாணின் நடுவிலிருந்து எதிர்விளிம்பு வரை, நாம் தொடவே தொடாத அந்தத் தூரம் 18 அடி. அம்பின் 2 அடியையும் சேர்த்தால் கிணற்றின் விட்டம் 20 அடி.

இதே கிணற்றில் 16 அடிக் குழாயை வைத்திருந்தால் அம்பு 4 அடி வரும். பாதி நாண் 8. நான்கு, எட்டு, பதினாறு: இரட்டித்துக்கொண்டு போகிறது. 4-உம் 16-உம் சேர்ந்து மறுபடி 20. எந்த நாணை எடுத்தாலும் அம்பிலிருந்து பாதி நாணுக்கு எத்தனை மடங்கோ, பாதி நாணிலிருந்து எதிர்ப்பக்க நீளத்துக்கும் அத்தனை மடங்கு.

கி.பி. 499-இல் ஆர்யபடர் எழுதிய ‘ஆர்யபடீயம்’ இந்த விதியை ஒரே வரியில் சொல்கிறது. 1150-இல் பாஸ்கரர் தம் ‘லீலாவதி’யில் இதைக் கணக்காகவே போடுகிறார்: விட்டம் 10 உள்ள வட்டத்தில் நாண் 6 என்றால் அம்பு எவ்வளவு? விடை 1. ஒன்று, மூன்று, ஒன்பது என்று மும்மடங்காக எழுதிப் பார்த்தால் நம் கிணற்றுக் கணக்கின் பாதி அளவு அதில் தெரியும்.

மடங்கு ஏன் மாறுவதில்லை?

கட்டடம் கட்டும்போது கடைக்கால் சரியான நீள்சதுரமாக இருக்கிறதா என்று கொத்தனார்கள் எப்படிப் பார்க்கிறார்கள்? மூலைக்கு மூலை குறுக்கே இரண்டு கயிறு பிடிப்பார்கள். இரண்டும் ஒரே நீளமாக இருந்து, நடுவில் சரிபாதியாக வெட்டிக்கொண்டால் நான்கு மூலையும் மட்டம். மூலைமட்டம் வைத்துப் பார்க்கவே வேண்டாம்.

வட்டத்தில் இரண்டு விட்டங்களை எப்படி வேண்டுமானாலும் சாய்த்து வரையுங்கள். இரண்டும் ஒரே நீளம். இரண்டும் மையத்தில் சரிபாதியாக வெட்டிக்கொள்கின்றன. அப்படியானால் அவற்றின் நான்கு முனைகளையும் சேர்த்தால் வருவது செங்கோணச் சதுரமோ நீள்சதுரமோதான். இதிலிருந்து தெரிவது: விட்டத்தின் இரு முனைகளிலிருந்தும் விளிம்பின் வேறெந்தப் புள்ளிக்குக் கோடு இழுத்தாலும், அங்கே அவை செங்கோணத்தில்தான் சந்திக்கும்.

இப்போது கிணற்றுக்கு வருவோம். அம்பை அப்படியே எதிர்விளிம்பு வரை நீட்டினால் அது ஒரு விட்டம். அந்த விட்டத்தின் இரு முனைகளிலிருந்தும் குழாயின் ஒரு முனைக்குக் கோடு இழுத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே செங்கோணம். பாதி நாண் அந்தப் பெரிய முக்கோணத்தை இரண்டாகப் பிரிக்கிறது. அம்பும் பாதி நாணும் கொண்ட சின்னது ஒன்று. பாதி நாணும் எதிர்ப்பக்க நீளமும் கொண்ட பெரியது ஒன்று. குழாயின் முனையில் இருந்த செங்கோணத்தை இவை இரண்டும் பங்கிட்டுக்கொள்வதால், ஒன்றின் கோணங்கள் எவையோ அவையே மற்றதன் கோணங்கள். கோணங்கள் ஒன்றானால் உருவம் ஒன்றே. ஒன்று மற்றதைப் பெரிதாக்கிய படம். சின்னதில் 2-க்கு 6 என்றால் பெரியதில் 6-க்கு 18. வேறு எண் வர வழியே இல்லை.

இந்தச் செங்கோண விதியால் இன்னொரு காரியமும் ஆகும். கிரைண்டர் கல்லைப் போன்ற வட்டப் பரப்புக்கு மையம் குறிக்க வேண்டுமென்றால், மூலைமட்டத்தின் மூலையை விளிம்பில் வைத்து, அதன் இரு கைகளும் எதிரே விளிம்பை வெட்டும் இடங்களைச் சேருங்கள். அது ஒரு விட்டம். மட்டத்தை நகர்த்தி வைத்து இன்னொன்று போடுங்கள். இரண்டும் வெட்டும் இடம் மையம்.

ஒரு இஞ்ச் பிசகினால்

கணக்கு பிசகாது, கை பிசகும். அம்பை 2 அடிக்குப் பதில் 2 அடி 1 இஞ்ச் என்று படித்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். எல்லாவற்றையும் இஞ்சில் மாற்றினால் பாதி நாண் 72, அம்பு 25. மடங்கு மூன்றுக்குக் கொஞ்சம் குறைந்து 2.88 ஆகிவிடும். விட்டம் சுமார் 232 இஞ்ச், அதாவது 19 அடி 4 இஞ்ச். ஒரு இஞ்ச் தவறு ஏறக்குறைய எட்டு இஞ்சாகப் பெருத்துவிட்டது. அந்த அளவுக்கே மூடி செய்தால் அது கிணற்றுக்குள் விழும்.

16 அடிக் குழாயை வைத்து அதே ஒரு இஞ்ச் தவறைச் செய்திருந்தால் விட்டத்தில் மூன்று இஞ்ச்தான் பிசகும். விளிம்பில் எவ்வளவு பெரிய துண்டு அகப்படுகிறதோ அவ்வளவு நல்லது. மூன்று புள்ளிகளை நெருக்கமாக வைத்து மையம் தேடினாலும் இதே சிக்கல்தான். இரண்டு கோடுகளும் ஏறக்குறைய ஒரே திசையில் ஓடி, எங்கே வெட்டுகின்றன என்பது பென்சில் முனையின் தடிமனைப் பொறுத்துவிடும். அதனால் குழாயை வேறு இடத்தில் வைத்து இரண்டாம் முறை அளக்க வேண்டும். இரண்டு விடையும் ஒத்து வந்தால் அளவும் சரி, கிணறும் உண்மையிலேயே வட்டம். ஒத்து வரவில்லையென்றால் டேப்பைக் குறை சொல்வதற்கு முன் கிணற்றைச் சந்தேகிக்கலாம். பழைய கல்கட்டுக் கிணறுகள் ஒரு பக்கம் உப்பியிருப்பது உண்டு.

சுற்றிவரக் கம்பி எவ்வளவு?

கைப்பிடிச் சுவர் ஓர் அடி கனம். மூடியின் வளையம் சுவரின் நடுவில் உட்காரட்டும். அப்படியானால் வளையத்தின் விட்டம் 21 அடி. எவ்வளவு கம்பி வாங்குவது?

எந்த வட்டத்தை எடுத்தாலும் சுற்றளவு விட்டத்தைப் போல் மூன்று பங்குக்குக் கொஞ்சம் கூடுதல். வளையலுக்கும் அதே, கிணற்றுக்கும் அதே, பூமிக்கும் அதே. அந்த மாறாத எண்ணைப் பை என்கிறோம். பள்ளியில் படித்த 22/7 இங்கே அழகாகப் பொருந்துகிறது: 21 அடியை ஏழாகப் பிரித்தால் 3, அதை 22-ஆல் பெருக்கினால் 66. அறுபத்தாறு அடிக் கம்பி.

22/7 என்பது மிகச் சரியான அளவல்ல, சற்றே கூடுதல். ஆர்யபடர் 20,000 விட்டத்துக்கு 62,832 சுற்றளவு என்றார், அதாவது 3.1416. அதையும் ‘கிட்டத்தட்ட’ என்ற பொருள் தரும் சொல்லைச் சேர்த்தே சொன்னார். ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முன் அந்த ஒரு சொல்லைச் சேர்த்த நேர்மையை நான் அவருடைய எண்ணைவிடப் பெரிதாக மதிக்கிறேன். அவர் அளவின்படி பார்த்தால் நம் வளையத்துக்கு 66 அடியில் மூன்றில் ஒரு பங்கு இஞ்ச் குறைவாகப் போதும். 16 எம்எம் கம்பி போட்டால் அந்த வித்தியாசம் கம்பியின் கனத்தில் பாதி. பட்டறை வேலைக்கு 22/7 தாராளமாகப் போதும்.

வளையத்தை வளைக்க முதலில் தரையில் வட்டம் போட வேண்டும். பட்டறை வாசலில் முளை அடித்துப் பத்தரை அடிக் கயிறு. இங்கே மையத்தில் கால் வைக்கத் தடையில்லை. அடுத்து, மையத்திலிருந்து விளிம்புக்கு ஆறு கைகளைச் சம இடைவெளியில் பற்றவைக்க வேண்டும். பாகைமானி எதுவும் தேவையில்லை. அதே பத்தரை அடிக் கயிற்றை விளிம்பின் ஒரு புள்ளியில் வைத்து, விளிம்பை அது தொடும் அடுத்த புள்ளியைக் குறித்து, அங்கிருந்து அடுத்தது என்று போனால் ஆறாவது முறை கிளம்பிய இடத்துக்கே வந்து சேருவீர்கள். மையமும் பக்கத்துப் பக்கத்துக் குறிகள் இரண்டும் சேர்ந்தால் மூன்று பக்கமும் ஆரத்தின் நீளமே உள்ள முக்கோணம். அதன் கோணம் வட்டத்தில் ஆறில் ஒரு பங்கு. கவராயப் பெட்டி கிடைத்த அன்றைக்கே பிள்ளைகள் நோட்டில் போடும் ஆறிதழ்ப் பூவும் இதுவே.

கம்பிக் கடையின் 162

கம்பியை எடை போட்டுத்தான் விற்கிறார்கள். கட்டடக் கம்பி வேலை தெரிந்தவரிடம் 16 எம்எம் கம்பி மீட்டருக்கு எத்தனை கிலோ என்று கேளுங்கள். பதினாறைப் பதினாறால் பெருக்கி 162-ஆல் வகுத்து, 1.58 கிலோ என்பார். 8 எம்எம் என்றால் எட்டெட்டு அறுபத்து நான்கை 162-ஆல் வகுக்க, 0.395 கிலோ. 66 அடி ஏறக்குறைய 20 மீட்டர். வளையம் மட்டும் 32 கிலோவை ஒட்டி வரும்.

அந்த 162 எங்கிருந்து வந்தது? கம்பியின் வெட்டுமுகம் ஒரு வட்டம். அதன் பரப்பில் பை இருக்கிறது. இரும்பின் எடை, ஒரு கனமீட்டருக்கு 7,850 கிலோ. இரண்டையும் சேர்த்துச் சுருக்கினால் எஞ்சுவது 162. கம்பி வேலை செய்பவர் நாள்தோறும் பையைப் பயன்படுத்துகிறார். அந்த எண்ணுக்குள் அது ஒளிந்திருக்கிறது.

விட்டம் இரட்டித்தால் எடை நான்கு மடங்காவதையும் கவனித்திருப்பீர்கள். தோட்டத்துக்குக் குழாய் போடுகிறவர்கள் பலர் தடுமாறும் இடம் இது. இரண்டு ஒரு இஞ்ச் குழாய் சேர்ந்தால் ஒரு இரண்டு இஞ்ச் குழாய்க்குச் சமம் என்று தோன்றும். வாய்ப்பரப்பைக் கணக்கிட்டால் நான்கு குழாய் வேண்டும். ஓடும் தண்ணீரைக் கணக்கிட்டால் நான்கும் போதாது. அந்த நான்கின் உட்சுவரும் சேர்ந்து பெரிய குழாயின் உட்சுவரைப் போல் இரண்டு பங்கு. சுவரில் உராய்ந்து ஓடும்போது தண்ணீர் வேகம் இழக்கிறது.

வட்டத்தின் பரப்புக்குக் காரிநாயனாரின் கணக்கதிகாரம் என்ற கணக்கு நூல் தமிழிலேயே விதி சொல்லியிருக்கிறது: பாதிச் சுற்றளவைப் பாதி விட்டத்தால் பெருக்கு. காரணத்தைக் கத்தரிக்கோலால் பார்த்துவிடலாம். தாளில் வட்டம் வெட்டி, மையத்தின் வழியாக மடித்து மடித்துப் பதினாறு துண்டாக்குங்கள். ஒன்றின் கூர்முனை மேலே, அடுத்ததன் கூர்முனை கீழே என்று மாற்றி மாற்றி அடுக்கினால் ஏறக்குறைய நீள்சதுரம் வரும். அதன் உயரம் ஆரம். வளைந்த ஓரங்களில் பாதி மேலேயும் பாதி கீழேயும் போய்விடுவதால் நீளம் பாதிச் சுற்றளவு. துண்டுகள் மெலிய மெலிய ஓரங்கள் நேராகும்.

நம் கிணற்றுக்குப் பாதிச் சுற்றளவு 31 அடி 5 இஞ்ச், பாதி விட்டம் 10 அடி. பரப்பு 314 சதுர அடி. கிணறு நேராக இறங்கியிருந்தால், நீர்மட்டம் ஓர் அடி ஏறுவது 314 கன அடித் தண்ணீர். ஒரு கன அடி 28.3 லிட்டர். ஆக, சுமார் 8,900 லிட்டர். அன்னூர்ப் பக்கம் இந்தக் கணக்குக்கு இப்போது வேலை உண்டு. அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்ட் 17 அன்று பயன்பாட்டுக்கு வந்தது. பவானி ஆற்றில் காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே கிடைக்கும் உபரி நீரில் 1.5 டிஎம்சி வரை எடுத்து 1,045 குளம் குட்டைகளுக்குக் கொண்டுவரும் திட்டம். அதன் ஆறு நீரேற்று நிலையங்களில் ஒன்று அன்னூரில் இருக்கிறது. பக்கத்துக் குளம் நிறைந்து கிணற்றில் தண்ணீர் ஏறுகிறதா என்று கயிறு விட்டுப் பார்க்கும் விவசாயிக்கு, அடிக்கணக்கை லிட்டராக மாற்ற இந்த ஒரு பெருக்கல் போதும்.

ஈரோட்டில் பிறந்தவர் போட்ட சதுரம்

அம்பு விதியைத் திருப்பிப் போட்டால் வேறொரு கருவி கிடைக்கிறது. 2 அடி அகலமும் 18 அடி நீளமும் உள்ள நீள்சதுரத்துக்குச் சமமான பரப்புள்ள சதுரம் வேண்டுமா? இரண்டையும் ஒரே கோட்டில் ஒட்டி வைத்து, மொத்த 20 அடியை விட்டமாகக் கொண்டு அரைவட்டம் போட்டு, ஒட்டிய இடத்திலிருந்து செங்குத்தாக ஒரு கோட்டை விளிம்பு வரை எழுப்புங்கள். அது பாதி நாண், 6 அடி. ஆறாறு முப்பத்தாறு, இரண்டு பதினெட்டும் முப்பத்தாறு. எந்த நீள்சதுரத்தையும் கவராயமும் அளவு குறிக்காத அளவுகோலும் கொண்டு சதுரமாக்கிவிடலாம்.

கணக்கதிகாரத்தின் விதியோ வட்டத்தையே நீள்சதுரமாக்கித் தருகிறது: பாதிச் சுற்றளவு, பாதி விட்டம். அப்படியானால் வட்டத்துக்குச் சமமான சதுரத்தையும் வரைந்துவிடலாமே? இடையில் ஒரே ஒரு தடை. வளைந்த பாதிச் சுற்றளவை அதே நீளமுள்ள நேர்கோடாகக் கவராயத்தால் போட்டாக வேண்டும். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகப் பலரும் முயன்றார்கள். 1882-இல் ஜெர்மானியக் கணித அறிஞர் லிண்டமன், எத்தனை படியில் முயன்றாலும் மிகச் சரியாகப் போட முடியாது என்று நிறுவினார்.

அதற்கு ஐந்து ஆண்டுகள் கழித்து, 1887 டிசம்பர் 22 அன்று, ஈரோட்டில் தாய்வழிப் பாட்டி வீட்டில் பிறந்தவர் சீனிவாச ராமானுஜன். 1913-இல் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் ஒரு சிறு குறிப்பு எழுதினார். மிகச் சரியாக முடியாது என்பது தெரியும். எவ்வளவு நெருங்கலாம் என்பதே அவருடைய கேள்வி. பைக்குப் பதில் 355/113 என்ற பின்னத்தை எடுத்துக்கொண்டு, அதற்கான சதுரத்தைக் கவராயத்தால் வரைந்து காட்டினார்.

அவர் தொடங்கும் விதத்தைப் பாருங்கள். ஒரு விட்டத்தை வரைகிறார். மையத்துக்கு ஒரு பக்கத்து ஆரத்தைப் பாதியாக்குகிறார். மறுபக்கத்து ஆரத்தை மூன்றாக்கி, விளிம்பை ஒட்டிய குறியிலிருந்து செங்குத்துக் கோட்டை எழுப்புகிறார். ஆரத்தை 3 என்று வைத்துக்கொண்டால் அம்பு 1, எதிர்ப்பக்கம் 5, எழுந்து நிற்கும் பாதி நாண் இரண்டின் பெருக்கமான 5-இன் வர்க்கமூலம். கிணற்றில் செய்த அதே காரியம். அந்த நீளத்தை வட்டத்துக்குள் வேறொரு நாணாக வைத்து, இணைகோடுகளும் ஒரு தொடுகோடும் சில நாண்களும் போட்டு முடிக்கும்போது சதுரத்தின் பக்கம் கையில் இருக்கிறது. விளிம்பை ஒரே இடத்தில் மட்டும் தொட்டுப் போகும் நேர்கோட்டைத் தொடுகோடு என்கிறோம்.

விடை எவ்வளவு நெருக்கம் என்பதை ராமானுஜனே அந்தக் குறிப்பின் கடைசியில் ஓர் அளவால் சொல்கிறார். வட்டத்தின் பரப்பு 1,40,000 சதுர மைல் என்று வைத்துக்கொண்டால், அவர் முறையில் வரும் சதுரத்தின் பக்கம் உண்மையில் இருக்க வேண்டியதைவிடச் சுமார் ஒரு இஞ்ச்தான் கூடுதல். தமிழ்நாட்டின் பரப்பைப் போல் ஏறக்குறைய இரண்டே முக்கால் மடங்கு அந்த வட்டம். அதற்கு ஈடான சதுரத்தின் ஒரு பக்கம் 374 மைல்.